அமர்ந்து கேட்கும் இசைக்கு ஏன் இத்தனை படிகள்?



நின்றுகொண்டு பாடும் இசை உலகில் உண்டு. ஆடிக்கொண்டே பாடும் இசையும் உண்டு. நம்முடைய கருநாடக இசையோ அமர்ந்து பாடும் இசை. பாடகர் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். அவருக்கு இடப்புறம் வயலின் கலைஞர், வலப்புறம் மிருதங்கக் கலைஞர், பின்னால் தம்பூரா மீட்டுபவர் எனச் சுற்றியுள்ள அனைவரும் அமர்ந்தே இருக்கின்றனர். கடமோ கஞ்சிராவோ சேர்ந்தால் அவர்களும் அப்படியே. எதிரில் இருக்கும் நாமும் இரண்டரை மணி நேரம் அமர்ந்தே கேட்கிறோம். வருணம் தொடங்கி மங்களம் முடியும்வரை அந்த மண்டபத்தில் எவருக்கும் காலால் ஆகவேண்டிய வேலை ஒன்றுகூட இல்லை.

இப்படிப்பட்ட கலைக்கு இந்நாட்டில் நம்மவர் கட்டி வைத்திருக்கும் மண்டபங்களை எண்ணிப் பாருங்கள். வாசலில் படி. மாடிக்கு ஏறப் படி. மேடைக்கு ஏறப் படி. கழிவறைக்கு இறங்கப் படி. காலின் உதவியே தேவைப்படாத ஒரு கலையைக் கால் வலுவுள்ளவர்களுக்கு மட்டும் உரியதாக ஆக்கி வைத்திருக்கிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றி நம் சங்கங்களிலும் ஆலய நிர்வாகங்களிலும் ஏன் எவரும் பேசுவதில்லை? நானாவது பேசிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

'கொஞ்சம் படிதான்'

பள்ளித் திடலில் குறுக்கோட்டப் பயிற்சியின்போது விழுந்து என் வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன்பின் ஊன்றுகோல். மருத்துவ விடுப்பில் வீட்டில் அடைந்து கிடந்த நாள்களில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கான அழைப்பிதழ் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பாடகியார் வருகிறார். நான்காம் வாரத்தில் கச்சேரி. போய்வரலாம் என மருத்துவரும் சொன்னார்.

எடுத்த எடுப்பிலேயே ஏற்பாட்டாளர்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். "மண்டபம் மாடியிலா? மின்தூக்கி உண்டா?" என்று கேட்டேன். "மின்தூக்கி இல்லை டீச்சர். கொஞ்சம் படிதான். வாங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். அந்தக் 'கொஞ்சம்' இருபத்து நான்கு படிகள். பாதியில் ஒரு திருப்பம். ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. அறிமுகமில்லாத நான்கு இளைஞர்கள் வந்தார்கள். நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியையை, சேலைக் கொசுவத்தை ஒரு கையிலும் ஊன்றுகோலை மறு கையிலும் பிடித்தபடி, நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். திருப்பத்தில் நாற்காலியின் ஒரு கால் சுவரில் இடித்துச் சாய்ந்தது. கச்சேரிக்கு வந்திருந்த என் முன்னாள் மாணவர்களின் பெற்றோர் சிலர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இளைஞர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் நல்ல பிள்ளைகள், வியர்க்க வியர்க்கத் தூக்கினார்கள். கட்டட வரைபடத்தில் செய்திருக்க வேண்டிய வேலையை அந்தப் பிள்ளைகளின் தோள்மீது ஏற்றி வைத்தவர்கள்மீதுதான் கோபம்.

மேலே போனதும் ஒரு நிர்வாகி, "காலில் கட்டோடு எதுக்கு டீச்சர் சிரமம்? வீட்ல ஓய்வா இருந்திருக்கலாமே!" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதன் பொருள் என்ன? மண்டபம் சரியாக இருக்கிறது, உன் கால்தான் சரியில்லை, ஆகவே நீ வராதே என்பதுதானே?

எனக்கு ஒதுக்கிய இடம் பக்கவாட்டுக் கதவோரம், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில். 'போக வர வசதியாக இருக்கும்' என்றார்கள். அங்கிருந்து பாடகியின் முகமும் தெரியவில்லை, வயலினும் சரியாகக் கேட்கவில்லை. மிருதங்கத்தின் அடி மட்டும் நெஞ்சில் இடித்தது. அன்றைய முதன்மை உருப்படி பைரவி இராகத்தில் அமைந்தது. அந்த ஆலாபனையைப் பாடகியார் படிப்படியாக வளர்த்துச் சென்ற அழகை அரங்கின் நடுவில் இருந்தவர்கள் கண்டார்கள். நான் பாதியைக் காதாலும் மீதியைக் கற்பனையாலும் கேட்டேன்.

'நாங்கள்தான் தூக்கிவிடுகிறோமே!'

இக்குறையை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் வரும் முதல் மறுமொழி இது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கச்சேரிக்கும் உங்கள் தாயாரை நான்கு பேர் தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் அவர் எத்தனை கச்சேரிக்கு வருவார்? ஒருமுறை வருவார். இரண்டாம் முறை, "எனக்கு உடம்பு முடியல, நீங்க போயிட்டு வாங்க" என்பார். நாமும் நம்பிவிடுவோம்.

தூக்கப்படுகிறவர் தம் விருப்பப்படி வரவும் முடியாது, போகவும் முடியாது. இடைவேளையில் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது? அந்த அச்சத்தில் மாலையிலிருந்தே நீர் அருந்தாமல் வரும் முதியவர்களை நான் அறிவேன். தூக்கிச் செல்லும்போது தவறினால் தூக்குகிறவருக்கும் ஆபத்து, தூக்கப்படுகிறவருக்கும் ஆபத்து. உதவி என்பது அவசரத்திற்கு உரியது. அன்றாட நடைமுறைக்குத் தேவைப்படுவது வசதி. வசதியைச் செய்து கொடுக்காமல் உதவியையே நீட்டிக்கொண்டிருப்பது ஒருவரை வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்ல வைப்பதாகும்.

'வீட்டிலேயே கேட்கலாமே!'

இரண்டாவது மறுமொழி இது. யூடியூபில் எல்லாக் கச்சேரியும் இருக்கிறதாம். இசை கேட்டால் முறிந்த எலும்பு விரைவில் கூடிவிடும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால், நான்கு வாரமாக நான்கு சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, முந்நூறு பேரோடு சேர்ந்து ஒரு தாளத்தில் கை தட்டி அமர்ந்திருப்பது என்னவாக இருக்கும் என்பது நோயுற்றுக் கிடந்தவர்களுக்குத் தெரியும்.

கருநாடக இசைக்கு இது மேலும் பொருந்தும். இந்த இசையில் பாதி எழுதி வைக்கப்பட்டது. மீதி மேடையில் பிறப்பது. ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றைப் பாடகர் அந்த வேளையிலேயே உருவாக்குகிறார். வயலின் கலைஞர் அதைக் கேட்டு மறுமொழி தருகிறார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக் கலைஞர் கணக்குகளை அடுக்கிச் சென்று பாட்டின் எடுப்புக்கு வந்து சேரும்போது அவையும் கூடவே வந்து சேர்கிறது. கேட்பவர்களின் தலையசைப்பும் 'ஆகா'வும் பாடுபவருக்கு ஊக்கமாகின்றன. மனோதர்மம் என்று சொல்வது இதைத்தான். பதிவில் இருப்பது என்றோ நடந்து முடிந்த கச்சேரி. அதற்கு நம் தலையசைப்பு தேவையில்லை.

பிள்ளைகளுக்கோ கச்சேரி அரங்கம் ஒரு வகுப்பறை. ஆதி தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால், முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என எண்ணி, பின்னர்த் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று முடிப்பதைப் பார்த்துப் பார்த்து ஒரு குழந்தை தானாகக் கை போடத் தொடங்குமே, அதை எந்தக் காணொளியும் கற்றுக் கொடுக்காது. மூட்டு வலியால் அந்தப் பெரியவர் மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார். இழப்பு அவருக்கு மட்டுமா? பின்வரிசையில் இருந்த குழந்தைக்கும் அல்லவா?

'ஓரிருவருக்காக இவ்வளவு செலவா?'

மூன்றாவது மறுமொழி. 'எங்கள் மண்டபத்திற்குச் சக்கர நாற்காலியில் வருகிறவர்களே இல்லை' என்று ஒரு நிர்வாகி பெருமையோடு சொன்னார். ஐயா, எப்படி வருவார்கள்? இருபத்து நான்கு படிகளை வைத்துவிட்டு, படியேறி வந்தவர்களை எண்ணிப் பார்த்து, படியேற முடியாதவர்கள் யாரும் வரவில்லை என்று கணக்குச் சொல்வது எந்த வகைக் கணக்கு? வகுப்பறையில் இருக்கும் மாணவர்களைப் பார்த்து, 'இன்று யாரும் பள்ளிக்கு மட்டம் போடவில்லை' என ஓர் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் எழுதினால் தலைமையாசிரியர் சும்மா விடுவாரா?

சக்கர நாற்காலியில் இருப்போர் மட்டுமா? மூட்டுத் தேய்ந்த பாட்டி, பக்கவாதம் கண்ட தாத்தா, நிறைமாதக் கர்ப்பிணி, தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் இளந்தாய், இருதய அறுவை செய்துகொண்டவர், என்னைப்போல் கால் முறிந்தவர், மிருதங்கத்தையும் தம்பூராவையும் சுமந்து ஏறும் கலைஞர்கள் என அனைவருக்கும் படி பகைதான். நம் கச்சேரிகளுக்கு வருவோரில் நரைத்த தலைகளே மிகுதி. இந்த இசையை அதிகம் அறிந்தவர்களும் அவர்களே. அறிந்தவர்களை வெளியில் நிறுத்திவிட்டு, 'நல்ல இரசிகர்கள் குறைந்துவிட்டார்கள்' என்று மேடையில் நின்று வருந்துகிறோம்.

மேடைக்குக் கீழே பாடிய மாணவன்

என் கால் ஆறு வாரத்தில் கூடிவிடும். ஆனால், கூடாத கால்களும் உண்டு.

என் பள்ளியில் ஒரு மாணவன் பிறவியிலிருந்தே கால் வலுவின்றிச் சக்கர நாற்காலியில் இருக்கிறான். நல்ல குரல், நல்ல சுருதி ஞானம். இரண்டாண்டுகளுக்கு முன் வட்டார அளவிலான ஒரு பாட்டுப் போட்டிக்கு அவனைப் பள்ளி அனுப்பியது. மூன்று வாரம் முன்பே ஏற்பாட்டுக் குழுவுக்குக் கடிதம் எழுதி, மேடைக்குச் சாய்தளம் வேண்டும் எனக் கேட்டிருந்தோம். மறுமொழி வரவில்லை. போட்டியன்று, "அவன் கீழேயே இருந்து பாடட்டும், ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிடுவோம்" என்றார்கள்.

மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடை ஏறி, விளக்கொளியில், பூ அலங்காரத்திற்கு நடுவில் பாடினார்கள். இவன் முறை வந்தபோது மேடை வெறுமையாக இருந்தது. இவன் கீழே, நடுவர்களின் மேசைக்குப் பக்கவாட்டில் இருந்து பாடினான். பின்வரிசையில் இருந்தவர்கள் குரல் எங்கிருந்து வருகிறது என எழுந்து பார்த்தார்கள். புள்ளித்தாளில் குரல் வளம், சுருதி, தாளம், உச்சரிப்பு ஆகியவற்றோடு 'மேடை ஆளுமை' என்றும் ஒரு கூறு இருந்தது. பத்துப் புள்ளிகள். மேடையே தராமல் மேடை ஆளுமைக்கு என்ன புள்ளி போடுவது? நடுவர்கள் என்ன போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் வென்றானா தோற்றானா என்பது இங்கே பேச்சுமில்லை.

அடுத்த வாரம் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். "இனிமே போட்டிக்கெல்லாம் வேண்டாம் டீச்சர். எல்லாரும் அவன் பாட்டைக் கேக்கல, அவன் நாக்காலியத்தான் பாத்தாங்க" என்றார். அதன்பின் அந்தப் பிள்ளை எந்த மேடைக்கும் போகவில்லை. வகுப்பில் பாடச் சொன்னால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிறான்.

பெருமக்களே, பாடும் போட்டிக்கு நடக்கத் தெரிந்திருக்க வேண்டுமா? விதிமுறையில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால், மேடையின் ஐந்து படிகள் அந்த விதியை எழுதாமலேயே எழுதிவிட்டன.

நம் இசை மரபில் இதற்கு இடமில்லையா?

மரபு, மரபு என்று பேசுகிறவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்கிறேன்.

புல்லாங்குழலைத் தனிக் கச்சேரிக்குரிய இசைக்கருவியாக உயர்த்தியவர்களுள் முதன்மையானவர் கும்பகோணம் சரப சாத்திரியார். அவர் பார்வையற்றவர். வயலின் கலைஞர் எம். சந்திரசேகரன் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். சென்னை மியூசிக் அகாதெமி 2005ஆம் ஆண்டு அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. உடலின் குறை இசையின் குறையாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வரலாறு இன்னும் பொருத்தமானது. அவர் இடக்கை மிருதங்கக் கலைஞர். வழக்கமாக மிருதங்கக் கலைஞர் பாடகரின் வலப்புறம் அமர்வார். அப்போதுதான் வலந்தலை அவையை நோக்கி இருக்கும். இடக்கைக் கலைஞர் அங்கே அமர்ந்தால் வலந்தலை அவைக்கு முதுகு காட்டும். ஆகவே, அவர் வயலின் கலைஞரின் இடத்தில் அமர வேண்டும். வயலின் கலைஞர் மறுபக்கம் மாறி அமர வேண்டும். இந்த மாற்றத்தை ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்று, தம் கச்சேரிகளில் அவரை அமர்த்திக்கொண்டார். ஒருவருடைய கையின் அமைப்புக்காக மேடையின் அமைப்பே மாறியது. அதனால் இசைக்கு இழப்பு வந்ததா? மிருதங்க வரலாற்றில் பழனியாரின் பெயர் நிலைத்ததுதான் மிச்சம்.

மேலையிசையிலும் ஒரு சான்று உண்டு. வயலின் மேதை இட்சாக் பெர்ல்மன் நான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர். மற்ற தனிக் கலைஞர்கள் நின்று வாசிக்கும் மேடையில் அவர் அமர்ந்து வாசித்தார். நின்று வாசிக்கும் மரபுள்ளவர்களே அமர்வதற்கு இடம் கொடுத்தார்கள். எல்லாருமே அமர்ந்து வாசிக்கும் மரபுள்ள நாம் மேடைக்கு ஒரு சாய்தளம் வைக்கத் தயங்குகிறோம்.

சட்டம் சொல்வதும் நாம் செய்வதும்

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) இயற்றப்பட்டது. அதன் 26ஆம் பிரிவு பொது வசதிகளையும் கட்டடங்களையும் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. 31ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்குபெறும் உரிமையைத் தனியாகவே சொல்கிறது. 2010ஆம் ஆண்டு நம் நாடு ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாட்டு மன்றத்தின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் அதன் 30ஆம் விதியில் இதையே வலியுறுத்துகிறது. ஆறு வாரக் காயம் பட்ட நான் அச்சட்டம் குறிக்கும் மாற்றுத்திறனாளி அல்லள். என் மாணவன் அப்படிப்பட்டவன். அவன் கேட்பது சலுகையன்று, உரிமை.

2008இல் இயற்றப்பட்டபோது அந்தச் சட்டத்தில் உரிமையை மறுப்பவர்களுக்குத் தண்டனை எதுவும் வகுக்கப்படவில்லை. 'தண்டனை இல்லையே, பிறகென்ன?' என்று ஒரு சங்கத் தலைவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அறத்தைப் பற்றி மேடைதோறும் முழங்குகிற சமூகம் நாம். பிரம்பு இல்லாத வகுப்பில்தான் மாணவனின் உண்மையான ஒழுக்கம் தெரியும். சங்கங்களுக்கும் அது பொருந்தும்.

2019ஆம் ஆண்டு கல்வி அமைச்சு, உடற்குறையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. பள்ளியின் கதவு திறந்தது. பள்ளி முடிந்து மாலையில் அந்தப் பிள்ளை போக வேண்டிய பாட்டு வகுப்பு, கலை விழா, ஆலய மண்டபம் ஆகியவற்றின் கதவுகள் திறந்தனவா? அவை அரசாங்கத்தின் கையில் இல்லை. நம் கையில்தான் இருக்கின்றன.

அண்டை நாட்டையும் பார்ப்போம். சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்கில் சக்கர நாற்காலியில் வருவோர்க்கென இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழா அங்கேதான் நடக்கிறது. அது பெரிய அரங்கம், அரசாங்கப் பணம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நம் பணத்தைப் பார்ப்போம்.

பணம் இல்லையா?

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் சரிவு பொதுவாக 1:12 என்ற அளவைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தால் அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள். வாசலில் 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படி இருந்தால் 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் போதும். 90 செ.மீ. உயர மேடைக்கு 10.8 மீட்டர் வேண்டும். அதற்கு இடம் இல்லாத மண்டபங்கள் உண்டு. ஆனால், பாட்டுக் கச்சேரிக்கு 90 செ.மீ. உயர மேடை எதற்கு? அரங்கின் தரையிலேயே 30 செ.மீ. உயரத்தில் பலகை மேடை அமைத்தால் 3.6 மீட்டர் சாய்தளம் போதும். பலகையில் செய்து மடித்தும் வைக்கலாம். மாடி மண்டபத்திற்கு மின்தூக்கி வைப்பது பெருஞ்செலவுதான். அதைச் செய்ய முடியாதவர்கள் கச்சேரியைத் தரைத்தள மண்டபத்தில் வைக்கலாமே! அதற்கு ஒரு வெள்ளியும் கூடுதலாகச் செலவாகாதே!

நம் நிகழ்ச்சிகளில் பணம் எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பிரமுகர்களுக்கு முன்வரிசையில் மெத்தை நாற்காலி, ஆளுயர மாலை, ஆளுக்கொரு பொன்னாடை, நினைவுச் சின்னம், மேடையின் பின்னால் ஒளித்திரை. மாலை அணிந்த பிரமுகர் இரண்டாம் பாட்டிலேயே எழுந்து போய்விடுகிறார். அவருக்கு வழிவிட அவையே எழுந்து நிற்கிறது. கடைசிவரை கேட்க விரும்பும் பாட்டிக்கோ வாசல்வரைகூட வழியில்லை. பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். மனம் இல்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

குறை சொல்வதோடு நின்றுவிடக் கூடாது அல்லவா? ஆசிரியர்களும் பெற்றோர்களும் நாளையே தொடங்கக் கூடியவற்றைக் கீழே தருகிறேன்.

1. அழைப்பிதழ் கைக்கு வந்ததும் 'எத்தனை படி? மின்தூக்கி உண்டா? கழிவறை எந்தத் தளத்தில்?' என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த அழைப்பிதழில் அவர்களே அச்சிட்டுவிடுவார்கள்.

2. பள்ளி அளவிலும் வட்டார அளவிலும் போட்டி நடத்தும் ஆசிரியர்கள், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலிலிருந்து மேடைவரை போய்ப் பாருங்கள். அது முடியவில்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

3. மேடைக்கு வர இயலாத பிள்ளை ஒருவன் இருந்தாலும் அனைவரையும் தரையிலேயே பாட வையுங்கள். ஒருவனைக் கீழே விடுவதைவிட எல்லாரும் கீழே இறங்குவது எளிது.

4. சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலில் வருவோர்க்கும் அரங்கின் நடுப்பகுதியில் இடம் விடுங்கள். வரிசையில் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டால் போதும். கதவோரமும் ஒலிபெருக்கி ஓரமும் இசை கேட்கும் இடங்கள் அல்ல.

5. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக வையுங்கள். வெளியாரைக் குறை சொல்லுமுன் நம் தமிழ்ப்பள்ளி மண்டபங்களின் படிகளை எண்ணுவோம். அங்கும் குறை உண்டு.

6. மண்டபம் கட்டவோ புதுப்பிக்கவோ நன்கொடை கேட்டு வருவோரிடம் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாய்தளம் எங்கே என்று கேட்டபின் பணம் கொடுங்கள். நம் பணத்திற்கு அந்த உரிமையாவது இருக்கட்டும்.

வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். நாற்பத்திரண்டாம் அதிகாரம். ஆறாம் ஆண்டு முடிவதற்குள் அதிலிருந்து ஒரு குறளையாவது மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கேட்டலின் சிறப்பைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு, கேட்க வருகிறவனைப் படிக்கட்டின் அடியில் நிறுத்துவது அக்குறளுக்கு நாம் எழுதும் தவறான உரையாகும்.

அடுத்த ஆண்டு வட்டாரப் பாட்டுப் போட்டிக்கான ஏற்பாட்டுக் கூட்டம் விரைவில் நடக்கவிருக்கிறது. என் மாணவனின் தாயாரிடம் இன்னும் ஒருமுறை பேசலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன், போட்டி நடக்கும் மண்டபத்தில் எத்தனை படிகள் என்பதை அந்தக் கூட்டத்தில் கேட்பேன். கலந்துகொள்ளும் மற்ற ஆசிரியர்களும் என்னோடு சேர்ந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் குறை என்பார்கள். எல்லாரும் கேட்டால் விதிமுறையாகிவிடும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!